பிள்ளைகளுக்கு நீர்வாழ் உயிர்களைக் காட்டுவது: மீன்தொட்டிக்கு முன் ஒரு குளம்

கோண்டாவிலில் இருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு ஐந்து. மீன், ஆமை, தாமரை எல்லாம் போன் திரையில் நிறையப் பார்த்திருக்கிறார்கள், நேரில் பார்த்தது மிகக் குறைவு. தெகிவளை மிருகக்காட்சிச்சாலைக்குக் கூட்டிப்போக இப்போதைக்கு வசதியில்லை. வீட்டில் ஒரு மீன்தொட்டி வைத்தால் போதுமா, இல்லையென்றால் எங்கே தொடங்குவது, மகளுக்குத் தண்ணீர் என்றாலே பயம், அதற்கு என்ன செய்வது என்பவைதான் அவருடைய கேள்விகள். பல வருடம் உயிரியல் கற்பித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தொட்டியை இப்போதைக்கு வாங்க வேண்டாம். வீட்டிலிருந்து சயிக்கிளில் போகக்கூடிய தூரத்தில் ஒரு குளத்தைத் தெரிவு செய்யுங்கள். ஒரு வருடம் முழுவதும் அதே குளத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். பத்து இடங்களை ஒரு தடவை பார்ப்பதைவிட ஒரே இடத்தைப் பல தடவை பார்க்கும் பிள்ளைக்குத்தான் கேள்விகள் வரும். யாழ்ப்பாணத்தில் இதற்கு ஒரு சிறப்புக் காரணமும் இருக்கிறது.

எங்கள் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறும் மாரியில் மட்டும்தான் ஓடி அராலிப் பக்கம் கடலேரியில் சேரும். ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடும். அதனால் ஆவணியில் வெடித்துக் கிடந்த அதே குளம் கார்த்திகையில் தளும்பி, தையில் அல்லி பூத்து, ஆனியில் மீண்டும் சேறாகிவிடும். இந்த முழுச் சுற்றையும் பார்க்கும் பிள்ளை ஒரு நாள் நின்று கேட்கும்: "போன மாதம் இங்கே ஒன்றுமே இல்லையே, இவ்வளவும் எங்கேயிருந்து வந்தது?" அந்தக் கேள்வி தானாக வரும்வரை காத்திருங்கள். நீங்களாக முந்திக்கொண்டு சொல்லிக் கொடுத்துவிட வேண்டாம்.

முதல் மழைக்கு முன்பே போவது நல்லது. வறண்ட குளத்தின் அடியில் இருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்து வாருங்கள். வெள்ளைப் பேசன் ஒன்றில் அதைப் போட்டு, நாலு விரல் உயரத்துக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, நுளம்பு வலைத் துண்டால் இறுக்க மூடிக் கட்டி, நிழலில் வையுங்கள். குழாய் நீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்ற வேண்டும். சில நாட்களில் புள்ளி புள்ளியாக ஏதோ துடித்து நீந்துவதைப் பிள்ளைகள் கண்டுபிடிப்பார்கள். அவை நீர்த்தெள்ளும் அதன் சொந்தங்களும். இறால், நண்டு குடும்பத்தின் மிகச் சிறிய உறுப்பினர்கள். அவற்றின் முட்டைகள் காய்ந்த மண்ணுக்குள் மாதக்கணக்கில், சில வகைகளில் வருடக்கணக்கில்கூட, உயிரோடு காத்திருக்கும். எல்லா மண்ணிலும் வராது. வராவிட்டால் குளத்தின் ஆழமான பகுதியில் இருந்து, கடைசியாகத் தண்ணீர் நின்ற இடத்து மண்ணை எடுத்து மறுபடி செய்து பாருங்கள்.

மண்ணுக்குள் காத்திருப்பது முட்டைகள் மட்டுமல்ல. குளத்து நத்தை தன் ஓட்டின் வாயை மூடியால் அடைத்துக்கொண்டு சேற்றுக்குள் கோடையைக் கழிக்கும். அதற்கு மீனுக்கு இருப்பதுபோல் நீரில் மூச்சுவிடும் பூவும் (செவுள்) உண்டு, நுரையீரல் போன்ற ஓர் அறையும் உண்டு. தண்ணீரிலும் மூச்சு விடும், வெளியிலும் விடும். விரால் மீன் மேலே வந்து காற்றைக் குடித்துப் பிழைக்கும், ஈரச் சேற்றுக்குள் புதைந்தும் கிடக்கும். தவளைகள் மண்ணுக்குள்ளும் கல்லிடுக்கிலும் பதுங்கியிருந்து முதல் பெருமழை இரவில் சத்தம் போட்டபடி வெளியே வரும். அந்த இரவில் பிள்ளைகளைக் கொஞ்சம் பிந்தித் தூங்கவிடுங்கள். எத்தனை விதமான குரல் கேட்கிறது என்று விறாந்தையில் இருந்து எண்ணட்டும். ஒவ்வொரு இனத்துக்கும் தனிக் குரல், கத்துவது ஆண்தான்.

மழை தொடங்கிச் சில வாரங்களில் குளம் உச்சத்துக்கு வரும். இதுதான் நீங்கள் அடிக்கடி போக வேண்டிய காலம். கொண்டுபோக அதிகம் வேண்டாம்: நீளத் தடியில் கட்டிய தேத்தண்ணி வடி, வெள்ளைப் பேசன் அல்லது வெள்ளைக் கோப்பை, மூடியுள்ள ஜாம் போத்தல், இருந்தால் ஒரு பூதக்கண்ணாடி. வெள்ளை நிறம் முக்கியம். குளத்துச் சிற்றுயிர்கள் எல்லாம் மண்ணிறத்திலும் பாசி நிறத்திலும் இருப்பதால் வெள்ளைப் பின்னணி இல்லாமல் கண்ணுக்குத் தெரியாது. போனவுடன் வடியைத் தண்ணீரில் போட விடாதீர்கள். முதலில் கரையில் ஆடாமல் அசையாமல் இருந்து பார்க்க வேண்டும். நீங்கள் அசையாமல் இருந்தால்தான் குளம் தன் வேலையைத் தொடரும். நீரின் மேல்தோலில் நடக்கும் நீண்ட காற்பூச்சி, தலைகீழாக நீந்தும் பூச்சி, மேலே வந்து ஒரு வாய் காற்று எடுத்துக்கொண்டு கீழே போகும் வண்டு என்று ஒன்றொன்றாகத் தெரியத் தொடங்கும்.

பிறகு கரையோரப் புல்லடியில் வடியால் ஒரு தடவை அள்ளிப் பேசனில் போடுங்கள். வாற்பேய்கள், அதாவது தவளைக் குஞ்சுகள், நிச்சயம் வரும். தும்பியின் குடம்பி (இறக்கை வராத இளம் பருவம்) வந்தால் அன்றைக்கு வேறொன்றும் தேவையில்லை. பார்க்க அழகில்லாத, சேற்று நிறப் பூச்சி அது. ஆனால் அதன் கீழுதடு மடித்து வைத்த கை போல இருக்கும். இரை பக்கத்தில் வந்ததும் அதை நீட்டிப் பிடித்து இழுத்துக்கொள்ளும். பயந்தால் உடம்பின் பின்பக்கத்தால் தண்ணீரைப் பீச்சி அந்த வேகத்தில் முன்னால் பாயும். நுளம்புக் குடம்பிகளைத் தின்னும், வாற்பேயையும் விடாது. பேசனில் வாற்பேய் பிடிபடுவதைப் பார்த்து உங்கள் மகள் அழக்கூடும். அழட்டும், ஆனால் காப்பாற்றிக் கொடுக்காதீர்கள். தும்பிக்கும் பசிக்கும் என்பதை ஐந்து வயதுப் பிள்ளையால் விளங்கிக்கொள்ள முடியும்.

மழைக்காலத்தில் யாழ்ப்பாண வெளிகளில் கூட்டம் கூட்டமாகப் பறக்கும் மஞ்சள் பழுப்புத் தும்பிகளைக் கவனித்திருப்பீர்கள். அந்த இனத்தில் பல இந்தியாவிலிருந்து மாலைதீவு வழியாக இந்து சமுத்திரத்தைக் கடந்து ஆபிரிக்கா வரை போகின்றன என்பதைச் சார்ள்ஸ் அன்டர்சன் என்ற உயிரியலாளர் 2009இல் விரிவாக எடுத்துக்காட்டினார். மழைநீர்க் குட்டைகளில்தான் அவை முட்டையிடும். குட்டை வற்றுவதற்குள் ஒன்றரை மாதமளவில் வளர்ந்து பறந்துவிடும். ஒன்பது வயது மகனிடம் உலகப்படத்தை விரித்து இந்தப் பாதையை விரலால் தொட்டுக் காட்டுங்கள்.

அள்ளியவற்றை அரை மணித்தியாலத்துக்குள் எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். பேசன் தண்ணீர் வெயிலில் சீக்கிரம் சூடாகும். வீட்டில் வளர்த்துப் பார்க்க ஆசை என்றால் வாற்பேய் நாலைந்து எடுத்து வரலாம், அதற்கு மேல் வேண்டாம். குளத்துத் தண்ணீரையும் கொஞ்சம் பாசியையும் சேர்த்தே எடுங்கள். அவித்து ஆற வைத்த கீரை துளியளவு போட்டால் போதும். மிஞ்சினால் தண்ணீர் நாறிவிடும். பின்கால் முதலில் வரும், முன்கால் பிறகு. முன்கால் வந்தவுடன் ஏறி இருக்க ஒரு கல் வைக்காவிட்டால் மூழ்கிச் சாகும், ஏனென்றால் அந்த நேரத்தில் அது நுரையீரலுக்கு மாறிக்கொண்டிருக்கும். வாலும் தானாக விழுவதில்லை. உடம்புக்குள் கரைந்து உணவாகிவிடுகிறது. தவளையானதும் அதே குளத்தில் கொண்டுபோய் விட வேண்டும்.

வீட்டுத் தொட்டிச் சுவரிலோ கிணற்றடி மரக்கிளையிலோ மழைக்குப் பிறகு வெள்ளை நுரைக்கட்டி ஒன்று ஒட்டியிருந்தால் கழுவிவிடாதீர்கள். அது மரத்தவளையின் கூடு. நுரைக்குள் முட்டைகள் ஈரமாகவே இருந்து பொரிக்கும், குஞ்சுகள் நேரே கீழேயுள்ள தண்ணீரில் விழும். மகளுக்கு இதைவிட நல்ல முதற்பாடம் நான் அறியேன், அதுவும் வீட்டு வாசலிலேயே.

தாவரங்களை எல்லாரும் பாதியில் விட்டுவிடுகிறார்கள். மீனும் ஆமையும் அசைகின்றன, தாமரை அசையாது, அதனால் பிள்ளைகளுக்குச் சலிப்பு என்று நினைக்கிறோம். செய்து பார்க்க ஏதாவது கொடுத்தால் சலிக்காது. அல்லித் தண்டு ஒன்றை வெட்டி, ஒரு நுனியைத் தண்ணீருக்குள் வைத்து மறு நுனியில் ஊதச் சொல்லுங்கள். தண்ணீரில் குமிழி வரும். தண்டுக்குள் காற்றுக் குழாய்கள் ஓடுகின்றன, சேற்றுக்குள் இருக்கும் வேருக்கு அந்த வழியாகத்தான் காற்று போகிறது. குளத்தில் மூழ்கி வளரும் வேலம்பாசியில் ஒரு கொத்தைக் கண்ணாடிப் போத்தலில் தண்ணீரோடு போட்டு வெயிலில் வையுங்கள். சிறிது நேரத்தில் இலைகளில் இருந்து நுண்ணிய குமிழ்கள் மேலே ஏறும். நிழலுக்கு மாற்றினால் குறையும். மீன் மூச்சுவிட வேண்டிய ஒட்சிசன் எங்கேயிருந்து வருகிறது என்பதை மகன் இதைப் பார்த்தே சொல்லிவிடுவான். தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாததற்குக் காரணம் இலைமேல் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத மெழுகு பூசிய நுண்மேடுகள். சேற்றுத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், துளி உருண்டோடும்போது தூசியையும் கூட்டிக்கொண்டு போகும்.

எல்லா நீர்த் தாவரமும் நல்லதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஊதா நிறத்தில் அழகாகப் பூத்துக் குளம் முழுவதையும் மூடும் ஆகாயத்தாமரை தென்னமெரிக்காவில் இருந்து வந்தது. அது பரவினால் அடியில் வெளிச்சம் படாது, மற்றத் தாவரங்கள் செத்து, மீனுக்குக் காற்றும் போதாமல் போகும். பூ வேண்டும் என்று பிள்ளை கேட்டால் பூவை மட்டும் எடுக்கலாம், செடியை வேறு குளத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.

எந்தக் குளம் என்று கேட்பீர்கள். நகரத்தில் ஆரியகுளம் மாலை நடைக்கு நல்லது. ஆனால் சுற்றிவரக் கட்டிய குளத்தில் கரையோரச் சிற்றுயிர் குறைவு. புல்லும் சம்பும் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் மண்கரைக் குளமே வேண்டும். வயல்வெளியை ஒட்டித் தேடினால் கிடைக்கும். ஒரு நாள் புத்தூர்ப் பக்கம் போகும்போது நிலாவரைக் கிணற்றையும் காட்டுங்கள். சுண்ணாம்புக்கல் கரைந்து இறங்கி உண்டான பள்ளம் அது. மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்புத் தண்ணீர். எங்கள் நிலத்துக்கு அடியில் மழைநீர் உப்புநீருக்கு மேல் மிதந்து நிற்கிறது என்பதையும், அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம் என்பதையும் அங்கே வைத்துச் சொன்னால் மகனுக்கு விளங்கும். குளம் நிறைந்தால் கிணறு ஊறும். குளத்தை மண் போட்டு நிரப்பி வீடு கட்டும் ஊரில் வாற்பேய்க்கு மட்டுமல்ல, எங்களுக்கும் தண்ணீர் இருக்காது. இதைப் பிள்ளைகள் தெரிந்து வளர வேண்டும் என்பதில் எனக்கு மிகுந்த அக்கறை உண்டு.

கடல் உயிர்களுக்கு வருவோம். முதல் இடமாக நான் சொல்வது சந்தை. சின்னக்கடை, பாசையூர், குருநகர், எதுவானாலும் சரி, விடிகாலையில் போங்கள். கண்ணாடிக்கு அப்பால் நீந்தும் மீனைத் தொட முடியாது; சந்தையில் தொடலாம், வாயைத் திறந்து பார்க்கலாம், வாங்கி வந்து வெட்டியும் பார்க்கலாம். செவுள் மூடியைத் தூக்கிப் பூவைப் பார்க்கச் சொல்லுங்கள், நல்ல சிவப்பாக இருந்தால் புது மீன். அந்தச் சிவப்பு இரத்தம், அங்கேதான் அது தண்ணீரில் இருந்து ஒட்சிசனை எடுத்தது. திருக்கையைப் புரட்டினால் வாய் அடியில் இருக்கும், கண் மேலே. மணலில் படுத்துக்கொண்டு வாயால் நீரை இழுத்தால் மண்ணும் வரும் என்பதால் கண்ணுக்குப் பின்னால் தனி ஓட்டை வைத்திருக்கிறது. திருக்கைக்கும் சுறாவுக்கும் எலும்பே கிடையாது, எல்லாம் கசியிழையம் (குருத்தெலும்பு). நாக்குமீனுக்கு இரண்டு கண்ணும் ஒரே பக்கம். குஞ்சாக இருக்கும்போது பக்கத்துக்கு ஒன்றாக இருந்து, வளரும்போது ஒரு கண் தலையைச் சுற்றி நகர்ந்து வருகிறது. கிளிமீனின் அலகைத் தொட்டுப் பார்த்தால் அது பவளப்பாறையை எப்படிச் சுரண்டித் தின்னும் என்பது விளங்கும். தின்ற கல்லை அது மணலாக வெளியே விடும். சில வெப்பமண்டலக் கடற்கரைகளின் வெள்ளை மணலில் பெரும்பகுதி அப்படி வந்ததுதான்.

வீட்டில் ஒடியற்கூழ் வைக்கும் நாளை விட்டுவிடாதீர்கள். நண்டு, இறால், கணவாய், மீன் என்று கடலின் பாதி உங்கள் குசினிக்கு வந்திருக்கும். அம்மம்மா கழுவிக் கொடுக்க, பிள்ளைகள் பார்த்துவிட்டுப் போகட்டும். நண்டின் வயிற்று மடல் ஒடுங்கி முக்கோணமாக இருந்தால் ஆண், அகன்று வட்டமாக இருந்தால் பெண். அந்த மடலுக்குள்தான் முட்டையைக் காவித் திரியும். நீலக்கால் நண்டின் கடைசிக் கால்சோடி தட்டையாக இருக்கும், அதால்தான் அது நீந்துகிறது. கணவாயின் வாயில் கிளியின் சொண்டு மாதிரி ஒன்று இருக்கும், உள்ளே வெள்ளை ஓடு. அந்த ஓட்டின் நுண்ணறைகளில் காற்றையும் நீரையும் மாற்றி மாற்றி நிரப்பித்தான் கணவாய் மேலே எழும்பும், கீழே இறங்கும். அதற்கு மூன்று இதயம், இரத்தம் நீலச் சாயல். மைப்பையை உடையாமல் எடுத்து, அந்த மையால் பிள்ளை ஒரு கணவாயே வரையலாம். சினை நண்டு வந்தால், அதை வாங்காமல் விட்டிருந்தால் கடலில் எத்தனை குஞ்சு பொரித்திருக்கும் என்று அப்போதே பேசிக்கொள்ளுங்கள். அடுத்த முறை சந்தையில் பிள்ளையே உங்களைத் தடுக்கும்.

மார்கழி தொடக்கம் மாசி வரை பறவைகள். அவை இல்லாமல் நீர்வாழ்வின் கதை முடியாது. பண்ணை வீதி ஓரத்திலும், தனங்கிளப்புப் பக்கத்திலும், இன்னும் தூரம் போக முடிந்தால் சுண்டிக்குளத்திலும் பாருங்கள். பூநாரையின் இளஞ்சிவப்பு அது தின்னும் பாசியிலும் சிறு இறால் வகைகளிலும் இருந்து வருகிறது. குஞ்சு சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். நிறம் சாப்பாட்டில் இருந்து வரும் என்றால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள், நல்ல வாதம் நடக்கும்.

கண்டல் காட்டுக்குத் தென்மராட்சியில் சரசாலைக் குருவிக்காடு நல்ல இடம். சேற்றில் இருந்து பென்சில் நட்டது போல் மேல்நோக்கி நிற்பவை கண்ணா மரத்தின் மூச்சுவேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லாததால் வேர் வெளியே வந்து மூச்சு விடுகிறது. அதே மரத்தின் இலையை நாக்கில் வைத்துப் பார்க்கலாம், உப்புக் கரிக்கும்; உறிஞ்சிய உப்பை அது இலை வழியாக வெளியேற்றுகிறது. ஆனால் இலையைக் கொடுப்பதற்கு முன் மரத்தை நீங்கள் சரியாக அடையாளம் கண்டிருக்க வேண்டும். அதே இடங்களில் தில்லை மரமும் நிற்கும், அதன் பால் தோலில் பட்டால் கொப்புளிக்கும், கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். அடையாளம் தெரிந்த ஊர்க்காரர் ஒருவரோடு போவது நல்லது. தெரியாவிட்டால் இலை சுவைக்கும் வேலையே வேண்டாம். சேற்றுத் திட்டில் ஒரு கை மட்டும் பெருத்த சிறு நண்டுகள் அந்தக் கையை ஆட்டிக்கொண்டு நிற்கும். அவை ஆண்கள், பெண்ணை அழைக்கவும் மற்ற ஆணை விரட்டவும் ஆட்டுகின்றன. மீனாக இருந்தும் சேற்றின் மேல் துள்ளித் திரியும் ஒன்றையும் தேடச் சொல்லுங்கள். தோல் ஈரமாக இருக்கும்வரை அது தண்ணீருக்கு வெளியே மூச்சு விடும்.

வாடைக்காற்று அடங்கி, சோளகம் தொடங்குவதற்கு முன் உள்ள பங்குனி, சித்திரைதான் கடலில் கால் வைக்கும் காலம். காரைநகர்க் கசூரினாவும் வேலணைச் சாட்டியும் ஆழமற்ற கரைகள். கரையில் ஒதுங்கும் சாதாழையை (கடற்புல்லை) குப்பை என்று தாண்டிப் போகாதீர்கள். அது பாசி இல்லை. வேர், தண்டு, இலை எல்லாம் உள்ள, தண்ணீருக்கு அடியிலேயே பூத்துக் காய்க்கும் தாவரம். எங்கள் ஆட்கள் தோட்டத்துக்குப் பசளையாகப் போட்டது. மீன்குஞ்சும் இறால்குஞ்சும் நண்டுக்குஞ்சும் அந்தப் புல்வெளிக்குள் ஒளிந்துதான் வளர்கின்றன. பாக்குநீரிணையில் மிச்சமிருக்கும் கடற்பசுவுக்கு அதுதான் சாப்பாடு. இழுவைமடி வலை கடலடியை வழித்துக்கொண்டு போகும்போது மீனோடு சேர்ந்து இந்தப் புல்வெளியும் போகிறது. கடற்றொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள் உங்கள் மகனின் வகுப்பில் இருந்தால், அவர்களுடைய அப்பாவிடம் இதைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். நான் எழுதுவதைவிட அவருக்கு அதிகம் தெரியும்.

நெடுந்தீவுக்குப் போனால் வேலியைப் பாருங்கள். அடுக்கி வைத்த கற்களில் பூப்பூவாகத் தெரியும் கோலம் ஒவ்வொன்றும் ஒரு சிறு விலங்கு இருந்த குழி. பவளம் தாவரமுமல்ல, வெறும் கல்லுமல்ல, கூட்டமாக வாழும் விலங்கு கட்டிய வீடு. யாழ்ப்பாணக் கோட்டைச் சுவரிலும் இதே பவளக்கல்லைக் காணலாம். கடலில் இறங்காமலே பவளத்தை விரலால் தடவிப் பார்க்கும் வாய்ப்பு இது.

பாதுகாப்பு பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். "தண்ணிப் பக்கம் போகாதே" என்று தடுப்பதால் பிள்ளை தண்ணீரை அறியாமல் வளரும், பிறகு ஒரு நாள் நண்பர்களோடு சொல்லாமல் போகும். அதனால் நீங்களே கூட்டிப்போங்கள், ஆனால் கண்ணை எடுக்காதீர்கள். ஒரு பெரியவர் ஒரு சின்னப்பிள்ளைக்கு மட்டும், எட்டிப் பிடிக்கும் தூரத்தில். அந்த நேரத்தில் போன் பையில் இருக்க வேண்டும். பாசி பிடித்த கேணிப் படியும், கட்டு இல்லாத தோட்டக் கிணறும், கரை செங்குத்தாக இறங்கும் குளமும் வேண்டவே வேண்டாம். காலில் புண் இருந்தால் குளத்துத் தண்ணீரும் வயல் தண்ணீரும் படக் கூடாது, எலிக்காய்ச்சல் அந்த வழியாக வரும். வீட்டுக்கு வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கைகால் கழுவுவது கட்டாயம். வன்னிக் குளங்களில் முதலை இருக்கும் என்பதை அங்கே சுற்றுலா போகும்போது மறந்துவிட வேண்டாம்.

கடலில் செருப்போடு இறங்கி, காலைத் தூக்கி வைக்காமல் மணலில் இழுத்து இழுத்து நடக்கப் பழக்குங்கள். மணலில் படுத்திருக்கும் திருக்கை அந்த அதிர்வில் விலகிப் போய்விடும். கூம்பு வடிவில் அழகான கோலம் போட்ட ஊரியை உயிரோடு கண்டால் எடுக்கக் கூடாது, சிலவற்றின் ஊசி ஆளையே கொல்லும். சொறிமுட்டை (ஜெல்லிமீன்) கரையில் செத்துக் கிடந்தாலும் தொட வேண்டாம். பட்டுவிட்டால் கடல்நீரால் கழுவுங்கள், நல்ல தண்ணீரால் கழுவினால் மிச்ச முட்களும் வெடித்து எரிவு கூடும். ஓரா முள்ளோ கெளிற்று முள்ளோ குத்தினால் பிள்ளை தாங்கக்கூடிய அளவு சுடுநீரில் அந்த இடத்தை அமிழ்த்தி வைத்தால் கடுப்புக் குறையும், பிறகு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கடற்பாம்பின் வால் துடுப்பு மாதிரித் தட்டையாக இருக்கும், அதற்குக் கடும் நஞ்சு. கரையில் ஒதுங்கியது செத்தது என்று நினைத்துத் தடியால் கிண்டக் கூடாது. கடலாமையைப் பிடிப்பதும் உயிருள்ள பவளத்தை உடைத்து எடுப்பதும் சட்டப்படி குற்றம். அதைப் பிள்ளைகளிடம் குற்றம் என்பதாக மட்டுமல்லாமல், ஏன் என்றும் சொல்லுங்கள்.

இனித் தொட்டி. ஒரு வருடம் குளம் பார்த்த பிறகும் கேட்டால் வாங்கிக் கொடுங்கள். அப்போது மகனுக்கே மீனுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்திருக்கும். உருண்டைக் கண்ணாடிக் கிண்ணம் வேண்டாம், அதில் மீன் மூச்சுத் திணறும். நீளமான தொட்டி, அடியில் மண், வேலம்பாசி, கப்பி மீன் சில. கப்பி முட்டையிடாது, குஞ்சு போடும், அதைப் பார்ப்பதே பெரிய பாடம். நுளம்புக் குடம்பியைத் தின்னும் என்பதால் இதைப் போன்ற சிறு மீன்களைச் சுகாதாரப் பகுதியினர் கிணறுகளில் விடுவதும் உண்டு. இலங்கை மலேரியா இல்லாத நாடாக அறிவிக்கப்பட்ட 2016ஆம் ஆண்டின் இறுதியிலேயே மன்னாரில் மலேரியா பரப்பும் புதிய நுளம்பினம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு யாழ்ப்பாணத்திலும் அது கிணறுகளில் பெருகக் காணப்பட்டது. ஆனால் கப்பியையோ, தொட்டிக் கண்ணாடியை நக்கும் மீனையோ வளர்த்து அலுத்துவிட்டது என்று குளத்தில் கொண்டுபோய் விடக் கூடாது. அவை தென்னமெரிக்க மீன்கள். எங்கள் குளத்து மீன்களின் முட்டையையும் இடத்தையும் பறித்துவிடும்.

ஒரு கொப்பி வைத்திருக்கச் சொல்லுங்கள். மகன் திகதி, தண்ணீர் எத்தனையாவது படிவரை அல்லது எந்தக் கல்வரை நிற்கிறது, என்ன கண்டான் என்று எழுதட்டும். மகள் வரையட்டும். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, பெயரை அவர்களே வைக்கட்டும், பிறகு தேடிக்கொள்ளலாம். ஆரம்பப் பிரிவில் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்று ஒரு பாடமே இருக்கிறது. கொப்பியை ஆசிரியரிடம் காட்டினால் வகுப்பே ஒரு நாள் அந்தக் குளத்துக்கு வரக்கூடும்.

மகளின் பயத்தைப் போக்க வேண்டும் என்று தண்ணீரில் இறக்காதீர்கள். குளத்தை அவளிடம் கொண்டு வாருங்கள். கரையில் இருந்து தள்ளி, மரநிழலில் பாயை விரித்து அவளை இருத்துங்கள். அண்ணா அள்ளி வரும் பேசன் அவள் முன்னால் இருக்கட்டும். எது நீந்துகிறது, எது நடக்கிறது என்று சொல்லும் வேலை அவளுடையது. விரலை நனைக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், நனைத்தாலும் கைதட்ட வேண்டாம். பார்த்து முடிந்ததும் வாற்பேயைத் திரும்ப விட வேண்டும் அல்லவா, அந்தப் பேசனின் ஒரு பக்கத்தை அவள் பிடிக்க, மறு பக்கத்தை நீங்கள் பிடித்துக்கொண்டு கரை வரை போங்கள். முதல் முறை பாதி வழியில் விட்டுவிட்டு ஓடினால் மிச்சத் தூரத்தை நீங்கள் கொண்டுபோய் விடுங்கள். அடுத்த கிழமை திரும்பவும் கேட்டுப் பாருங்கள்.